ஒய் திஸ் லோ மார்க், மிஸ்?

2011-ஆம் வருஷம், டிசம்பர் மாதம். இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். அம்பத்தூர் ஓ.டி.க்குப் பக்கத்தில் எங்கள் தெரு. முனையில் ஒரு டீக்கடை. கடை சின்னது, ஸ்பீக்கர் பெரிசு! காலையிலிருந்து நாலாவது தடவையாக அந்தப் பாட்டைப் போட்டார்கள். எந்தப் பாட்டு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'ஒய் திஸ் கொலவெறி டி'தான். நவம்பர் 16-ஆம் தேதி வெளிவந்த பாட்டு, அந்த மாதம் முடிவதற்குள் எங்கள் பக்கத்து ஆட்டோ, கல்யாண மண்டபம், செல்போன் மணி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. '3' என்ற படத்துக்காக தனுஷ் எழுதிப் பாடியது. இசையமைத்த அனிருத்துக்கு அதுதான் முதல் படம். படம் என்னவோ 2012 மார்ச்சில்தான் வந்தது. அதற்குள் பாட்டு கடல் தாண்டிப் போய்விட்டது.

ஊரே தாளம் போட்டது. எனக்கு மட்டும் 'ஒய் திஸ்' என்று காதில் விழுந்ததுமே முகம் சுருங்கிவிடும். அந்த 2 வார்த்தைக்கும் எனக்கும் 22 வருஷத்துப் பகை.

என்ன பகை என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். சிரிக்கக் கூடாது.

1989-ல் என் மகள் ஐந்தாம் வகுப்பு. நான் திருவள்ளூர் பக்கத்தில் தமிழ் மீடியத்தில் அந்தக் கால எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். இவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. எங்கள் இரண்டு பேருக்கும் வராத இங்கிலீஷ் குழந்தைக்காவது வரட்டும் என்று, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு கான்வென்ட்டில் சேர்த்திருந்தோம். பரீட்சைக்கு முந்தின நாள் அவளுக்குக் காய்ச்சல். கணக்கில் மார்க் குறைந்துவிட்டது. பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். இவருக்கு முதல் ஷிஃப்ட், நான்தான் போனேன். போகும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போய், வகுப்பு ஆசிரியை முன்னால் நின்று கேட்டேன்: "ஒய் திஸ் லோ மார்க், மிஸ்? யெஸ்டர்டே ஃபீவர், மிஸ்."

வரிசையில் நின்ற குழந்தைகள் களுக்கென்று சிரித்தன. அந்த அம்மாளும் உதட்டை மடித்துக்கொண்டார். என் மகள் சிரிக்கவில்லை. செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே, "அம்மா, இனிமே ஸ்கூலுக்கு அப்பாவை அனுப்பு" என்றாள்.

அவ்வளவுதான். அதோடு இங்கிலீஷுக்கு வாயை மூடியவள்தான் நான். பேங்கில் சலான் எழுதவும் இவரே, டாக்டரிடம் சொல்லவும் இவரே. மகள் கல்யாணமாகி அமெரிக்கா போனாள். 2008-ல் பேத்தி பிறந்தாள். 3 வயதில் அது கம்ப்யூட்டர் திரைக்குள்ளிருந்து இங்கிலீஷில் கிளி மாதிரி ஏதேதோ கேட்கும். நான் சிரித்துவிட்டு, "தாத்தாகிட்ட சொல்லு கண்ணு" என்று நகர்ந்துவிடுவேன். கெட்டிக்காரக் குழந்தை. கொஞ்ச நாளில் என்னைக் கேட்பதையே விட்டுவிட்டது. தாத்தா எங்கே என்றுதான் தேடும். அந்த வலி இருக்கிறதே... சரி, அதை விடுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ஆங்கிலோ இந்திய அம்மாள் இருந்தார். பெரம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ரெயில்வே குடும்பம். அவருக்கு இங்கிலீஷ்தான் தாய்மொழி. கோபம் வந்தாலும் இங்கிலீஷ், தூக்கத்தில் பேசினாலும் இங்கிலீஷ். தெருவில் அவருக்குப் பெயர் மிஸ்ஸம்மா. 1955-ல் வந்த 'மிஸ்ஸியம்மா' படத்தின் தயவு. நான் 'மிஸ்' என்று கூப்பிடுவேன். 30 வருஷத்துக்கு மேல் பக்கத்து வீடு. எங்கள் பேச்சு முழுவதும் தமிழில்தான். அவருடைய தமிழ் தனி ரகம்! "உன் புருஷன் வந்துச்சா?" என்பார். "நாளைக்கு நான் மார்க்கெட் போனேன், நீ வர்றான்?" என்பார். கீரைக்காரி முதல் கேஸ் போடுகிற பையன் வரை எல்லோருக்கும் அது புரியும். மிளகு ரசத்துக்கு அவர் வீட்டில் 'பெப்பர் வாட்டர்' என்று பெயர். நான் அரைத்த பொடியில்தான் அது கொதிக்கும்.

அந்த கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் விருந்தாளிகள். பெரம்பூர்ப் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் எத்தனையோ ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, கனடா என்று போய்விட்டன அல்லவா? அப்படிப் போன தங்கையின் மகளும், அவளுடைய 17 வயதுப் பையனும் பெர்த் நகரத்திலிருந்து வந்திருந்தார்கள். பையன் அங்கேயே பிறந்தவன். தமிழ் ஒரு சொல் தெரியாது.

மிஸ் என்னை 'குல்குல்' செய்யக் கூப்பிட்டார். தெரியாதவர்களுக்கு: மைதாவை முட்டையும் தேங்காய்ப் பாலும் விட்டுப் பிசைந்து, கோலிகுண்டு அளவு உருட்டி, முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டி எடுத்தால் சங்கு மாதிரி வரி வரியாக வரும். எண்ணெயில் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டினால் ஆயிற்று. ஒருவராகச் செய்தால் கை விட்டுப்போகும். அதனால் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே உருட்டுவது அவர்கள் வழக்கம். அன்றும் அப்படித்தான். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. கேட்பானேன், அதே பாட்டு! கீழே இங்கிலீஷ் எழுத்தில் தலைப்பு ஓடியது.

பையன் உற்றுப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டான். மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "அவன் கேக்குது, யார் இந்த 'டை'?"

எனக்குப் புரியவில்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. டயானா என்ற பெயரை அவர்கள் 'டை' என்று சுருக்குவார்கள். இளவரசி டயானாவைப் பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. எழுத்து என்னவோ 'டி', 'ஐ' இரண்டுதான். ஆக, அந்தப் பையன் இத்தனை நாளாக இதை டயானா என்ற பெண்ணைப் பார்த்துப் பாடுகிற பாட்டு என்றே நினைத்திருக்கிறான்! 'கொலவெறி' ஏதோ தின்பண்டமாக இருக்கும், இதை எதற்கம்மா வாங்கினாய் என்று அவளைக் கேட்கிறான் போலிருக்கிறது என்பது அவனுடைய உரை. அவன் அம்மா அதற்கும் மேலே. 'கொலவெறி டி' என்பது முழுப் பெயர், யாரோ இத்தாலிக்காரி என்று நினைத்தாளாம்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஒன்று கவனித்தேன். இரண்டு பேரும் 'டி'யில் தடுக்கினார்கள், 'கொலவெறி'யில் தடுக்கினார்கள். என் வயிற்றைக் கலக்குகிற 'ஒய் திஸ்'ஸில் யாருமே தடுக்கவில்லை! மனசு கேட்கவில்லை. "மிஸ், இதிலே 'இஸ்' இல்லையே, தப்புத்தானே? இவங்களுக்கு அது உறுத்தலையான்னு கேளுங்களேன்" என்றேன்.

மிஸ் கேட்டார். பையன் தோளைக் குலுக்கினான். பாட்டுத் தலைப்புத்தானே, அப்படி வேண்டுமென்றேதான் வைத்திருப்பார்கள் என்றான். விட்டுப்போன வார்த்தையைக் காது தானே போட்டுக்கொள்ளும். அது அவனுக்குத் தெரியக்கூட இல்லையாம்.

அவ்வளவுதான், மிஸ்ஸுக்கு உற்சாகம் வந்துவிட்டது. குல்குல்லை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்ப் பழைய ரெக்கார்டு உறைகளை அள்ளிக்கொண்டு வந்தார். அடேயப்பா! இங்கிலீஷ்காரர்கள் தங்கள் இலக்கணத்தை இத்தனை தரம் உடைத்திருப்பார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

முதலில் எல்விஸ் பிரெஸ்லி. 1956-ல் 'லவ் மீ டெண்டர்' என்று பாடினார். மெட்டு அதைவிட 95 வருஷம் பழசு. பள்ளிக்கூடத்து இலக்கணப்படி 'டெண்டர்லி' என்று வர வேண்டும். 'மென்மையாக நேசி' என்பதற்குப் பதில் 'மென்மை நேசி' என்ற மாதிரி. ஆனால் கேட்கிறவர்கள் யாரும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. "ஆவடி ரோட்டிலே போர்டு பாத்துச்சா? 'கோ ஸ்லோ' போட்டான். 'ஸ்லோலி' போட்டான்? இல்லே. அது மாதிரி" என்றார் மிஸ். வால் இல்லாத அந்த மாதிரிச் சொற்கள் இங்கிலீஷில் வெகு காலமாகவே உண்டாம்.

அப்புறம் பீட்டில்ஸ். 1964-ல் 'எ ஹார்ட் டேஸ் நைட்' என்று ஒரு பாட்டு, அதே பெயரில் ஒரு படம். 'கஷ்டமான பகலின் ராத்திரி' என்று அர்த்தம் பண்ணினால் உளறல் மாதிரி இருக்கிறது. உண்மையில் அது அவர்களில் டிரம் வாசிக்கிற ரிங்கோ ஸ்டாரின் வாய் தவறிய பேச்சுத்தான். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, பகல் என்று நினைத்துப் பேச ஆரம்பித்து, வெளியே இருட்டியிருப்பதைப் பார்த்துப் பாதியில் 'ராத்திரி' என்று முடித்தாராம். மற்றவர்களுக்கு அது பிடித்துப்போய் தலைப்பாகவே வைத்துவிட்டார்கள். மிஸ் இதைச் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. கைக்குழந்தை வைத்திருப்பவளுக்கு எது பகல், எது ராத்திரி? வாசகிகளே, உங்களில் எத்தனை பேர் காலை பத்து மணிக்குப் பால் கலக்கும்போது, 'ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன பண்றது' என்பதை 'நேத்து என்ன பண்றது' என்று உளறியிருக்கிறீர்கள்? தலைப்புக்கு உரையாசிரியர் வேண்டாம்.

மூன்றாவதுதான் வேடிக்கை. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற குழு பாடிய பாட்டு. 'ஐ காண்ட் கெட் நோ சாட்டிஸ்ஃபேக்‌ஷன்.' மிஸ் சொல்லிவிட்டு, இதற்கு என்ன அர்த்தம் சொல் பார்க்கலாம் என்றார். நான் யோசித்தேன். 'காண்ட்' ஒரு இல்லை, 'நோ' இன்னொரு இல்லை. நம் தமிழில் 'கிடைக்காமல் இல்லை' என்றால் கிடைக்கிறது என்றுதானே பொருள்? "திருப்தியா இருக்கேன்னு சொல்றார், மிஸ்" என்றேன்.

மிஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இல்லேம்மா, பாவம்! அவன் அழுவுது. ஒண்ணுமே கிடைக்கலே!" இங்கிலீஷ் பேசுகிறவர்களின் காதில் 2 'இல்லை' சேர்ந்தால் 'இல்லவே இல்லை' என்று அழுத்தமாக விழுமாம். பழைய இங்கிலீஷிலும் அப்படியே எழுதினார்களாம். இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடு என்று கணக்குப் போட்டு, அப்படி எழுதுவது தப்பு என்று வலியுறுத்தியவர்கள் 18-ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர்கள். பள்ளிக்கூடம் அதைப் பிடித்துக்கொண்டது. தெரு தன் பாட்டுக்குப் பழைய வழியிலேயே போனது.

"நான் என்ன பண்ணான் தெரியுமா?" என்றார் மிஸ். வாரம் பூராவும் பிள்ளைகள் நோட்டில் 'ஐ டோண்ட் நோ நத்திங்' என்று எழுதினால் சிவப்பு மையால் கோடு போடுவாராம். சனிக்கிழமை சாயங்காலம் ரெயில்வே இன்ஸ்டிட்யூட்டில் இந்தப் பாட்டைப் போட்டால் முதல் ஆளாக எழுந்து ஆடுவாராம்! 25 வயது அப்போது அவருக்கு.

'கே செரா செரா' எனக்கே தெரிந்த பாட்டு. 1956-ல் ஹிட்ச்காக் படமொன்றில் டோரிஸ் டே பாடி, சிறந்த பாட்டுக்கான ஆஸ்கர் வாங்கியது. அடுத்த வருஷமே நம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'ஆரவல்லி' படத்தில் ஜிக்கியும் ஏ.எம். ராஜாவும் 'சின்னப் பெண்ணான போதிலே' என்று தமிழாக்கிவிட்டார்கள். மகள் அம்மாவிடம், நான் பெரியவளானால் என்ன ஆவேன் என்று கேட்கிற பாட்டு. அந்த மெட்டில் என் மகளைத் தூங்க வைத்திருக்கிறேன். நடப்பது நடக்கும் என்பதுதான் தலைப்பின் பொருள், மொழி ஸ்பானிஷ் என்று பெயர். ஆனால் ஸ்பானிஷ்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை; முன்னால் 'லோ' என்று ஒரு சின்னச் சொல் வேண்டுமாம். அது இல்லாமலே பாட்டு உலகம் முழுவதும் போய், எங்கள் வீட்டுத் தூளி வரை வந்துவிட்டது.

இப்படிப் பேசிக்கொண்டே இருக்கும்போது பையன் மறுபடி கேட்டான். எல்லாம் சரி, கொலவெறி என்றால் என்ன?

மிஸ் யோசித்தார். 'கொலை' தெரியும், 'மர்டர்'. 'வெறி' நாய்க்குத்தான் வரும் என்பது அவருடைய தமிழ். 'மர்டர், மேட் டாக்' என்று அவர் சொல்ல, பையன் முகம் வெளிறிவிட்டது. மிஸ் கையை விரித்து, "நீ சொல்லும்மா, உன் பாட்டு" என்று என்னைப் பிடித்து விட்டுவிட்டார்.

நாலு கண்கள் என்னையே பார்க்கின்றன. இவர் வேறு பக்கத்தில் இல்லை. கை நிறைய மாவு. எழுந்து ஓடவும் முடியாது. 22 வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்தேன்.

"நோ மர்டர்! மை ஹஸ்பெண்ட் ஃபர்கெட் கர்ட். ஐ டெல் மார்னிங். ஐ டெல் ஈவினிங். நோ கர்ட். ஐ கெட் கொலவெறி!"

ஒரு நொடி நிசப்தம். பிறகு பையன் மேஜையைத் தட்டிச் சிரித்தான். அது வேறு சிரிப்பு. அன்றைக்கு வரிசையில் நின்ற குழந்தைகள் சிரித்தது மாதிரி இல்லை. "ஐ காட் இட்! ஐ காட் இட்!" என்றான். தயிர் வாங்க மறந்த புருஷன் மேல் வருகிற கோபம் ஆஸ்திரேலியாவிலும் உண்டு என்று அவன் அம்மா சொன்னாள்.

தைரியம் வந்துவிட்டது. 'டி'க்கும் நானே விளக்கம் சொன்னேன். "ஐ கால் டாட்டர், வாடி. ஐ கால் ஃபிரெண்ட், போடி. ஒன் டி லவ். ஒன் டி ஃபைட்." வீட்டுக்காரர் கூப்பிட்டால் அது எந்த 'டி' என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள் அந்தப் பெண். 'ஃபேஸ் பார்க்கணும்' என்று நான் பாதித் தமிழில் சொன்னது அவளுக்குப் புரிந்துவிட்டது. பையன் உடனே, எங்கள் ஊரில் 'மேட்' என்ற சொல் அப்படித்தான் என்றான். ஒரு மாதிரிச் சொன்னால் தோழா என்று அர்த்தம், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் சண்டைக்கு வா என்று அர்த்தமாம்.

"அந்த 'இஸ்' ஏன் இல்லே?" என்று மிஸ் கேட்டார். "தமிழ்லே 'ஏன் இந்தக் கொலைவெறி'தானே மிஸ்? ஏன் இந்தக் கோபம், இது என் வீடு, அவர் என் அப்பா... எங்கேயும் 'இஸ்' கிடையாதே. அப்படியே இங்கிலீஷுக்கு மாத்தினா 'ஒய் திஸ்'தானே வரும்?" என்றேன்.

மிஸ் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "என் கிளாஸ்லே சின்னப் புள்ளைங்க, தமிழ் வீட்டுப் புள்ளைங்க, 'மை ஃபாதர் டெய்லர்'னு எழுதுச்சு. ஒவ்வொரு வருஷம் எழுதுச்சு. நான் அதுங்க கவனமா இல்லேன்னு நினைச்சான். இதை யாரும் எனக்குச் சொல்லலே" என்றார்.

தனுஷ் பாட்டில் இங்கிலீஷ் வார்த்தைகளுக்கெல்லாம் 'உ' என்று வால் முளைக்கிறதல்லவா? அதுவும் இந்த ஜாதிதான். வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது என்பது தொல்காப்பியக் காலத்து விதி. அதனால்தான் எஸ்டேட்டில் இவர் லேத்தை 'லேத்து' என்பார், நட்டை 'நட்டு' என்பார். படிக்காதவன் பேச்சு என்று என் மகளே கிண்டல் செய்வாள். தமிழ் நாக்கு தன் இலக்கணத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அவர்கள் மட்டும் என்ன? நம் மிளகுத் தண்ணியை 'மல்லிகாடானி' என்றும், கட்டுமரத்தைக் 'கேட்டமரான்' என்றும் அகராதியிலேயே ஏற்றிவிட்டார்கள். அதற்கு யாரும் மார்க் குறைக்கவில்லை.

பேச்சுவாக்கில் பையன் இன்னொன்றும் சொன்னான். அதை மறைக்காமல் எழுதுகிறேன். இதே தலைப்பு ஒரு பள்ளிக்கூடக் கட்டுரையில் இருந்தால் தப்பு என்றுதான் நினைத்திருப்பானாம். பாட்டு என்பதால்தான் வேண்டுமென்றே செய்ததாகத் தோன்றியதாம். பாடுகிறவருக்கு அந்த உரிமையைக் கொடுத்துவிட்டுத்தான் காது கேட்கவே ஆரம்பிக்கிறது போலும். பரீட்சை ஹாலில் நிற்கிறவருக்கு அது கிடைப்பதில்லை.

அன்று விருந்தாளிகள் படுக்கப் போன பிறகு, பொரித்த குல்குல்லை டப்பாவில் அடைத்துக்கொண்டிருக்கும்போது மிஸ்ஸிடம் 1989 கதையைச் சொன்னேன். இவரிடம்கூட முழுசாகச் சொல்லாத கதை. மகள் செருப்பு நுனியைப் பார்த்தது வரை சொன்னேன். மிஸ், ஸ்கூல் எது, டீச்சர் யார் என்று எதுவும் கேட்கவில்லை. "நானா இருந்தா நானும் சிரிச்சிருப்பான்" என்றார். பிறகு, "ஏம்மா, என் தமிழ் இத்தனை வருஷம் கேக்குது நீ. ஒரு தரம் திருத்தலே. ஏன்?" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 'நாளைக்குப் போனேன்' என்று அவர் சொல்லும்போதெல்லாம் என் காது அதைப் 'போவேன்' என்று தானே மாற்றிக்கொண்டிருக்கிறது. ஒருநாள்கூட மிஸ்ஸுக்குப் படிப்பு போதாது என்று தோன்றியதில்லை. "அது உங்க தமிழ், மிஸ்" என்றேன். அவர் டப்பா மூடியை அழுத்தி மூடிவிட்டு, "தென்?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில் மகள் கூப்பிட்டபோது நான் தாத்தாவிடம் தள்ளவில்லை. பேத்தி ஒரு பொம்மையைக் காட்டி ஏதோ கேட்டது. "வாட் திஸ், கண்ணு? ஒய் திஸ் பேபி நோ சட்டை?" என்றேன். பின்னால் என் மகள் திரும்பிப் பார்ப்பது திரையில் தெரிந்தது. குழந்தை யோசிக்கவே இல்லை. "ஷி டுக் எ பாத், பாட்டி" என்றது. குளிச்சாளாம்! அன்று 10 நிமிஷம் பேசினோம். இவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

அதன் பிறகு நிற்கவில்லை. நான் என் இங்கிலீஷில், அவள் அவள் இங்கிலீஷில், நடுவில் 'சாப்பிட்டியா', 'என் சாமி' இரண்டும். 2021-ல் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தபோது அவளுக்கு 13 வயது. 'எஞ்சாய்' அவளுக்குத் தெரிந்த சொல். 'எஞ்சாமி' அதற்கு ஜோடியாகச் சும்மா சேர்த்தது என்று அவள் தோழிகள் நினைத்தார்களாம். "நோ பாட்டி, ஐ டோல்ட் தெம். தட்ஸ் வாட் யூ கால் மீ" என்றாள்.

என் மகளுக்கு மட்டும் ஒரு குறை உண்டு. பேத்திக்கு 7 வயதிருக்கும், ஏதோ கோபத்தில் மகள் சத்தம் போட்டிருக்கிறாள். அது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஒய் திஸ் ஷவுட்டிங், அம்மா?" என்று கேட்டதாம். "அமெரிக்காவிலே பிறந்த பொண்ணு இங்கிலீஷை நீ கெடுத்துட்டேம்மா" என்று ஃபோனில் சொல்லிவிட்டு மகள் சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். கடைசியில் சிரிப்பு நின்று, "அம்மா, அந்த அஞ்சாம் கிளாஸ்லே..." என்று ஆரம்பித்தாள். "ரசம் பொங்குதுடி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ரசம் இல்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

மிஸ் 2015-ல் பெர்த்துக்கே போய்விட்டார். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. போன வாரம் இங்கே ராத்திரி 9 மணிக்கு வீடியோவில் கூப்பிட்டார்.

"நீ எப்படி இருக்குது?"

"ஃபைன், மிஸ். ஒய் திஸ் லேட் நைட்?"